வலது பக்கம் திறக்கிற புத்தகம்

என் தம்பி யூசுப்புக்குப் பெண் பார்க்கப் பினாங்கிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போய் வந்த கதை இது. ஐம்பதுகளின் கடைசி. யூசுப் துறைமுக ஆபீசில் குமாஸ்தா, லீவு கிடைக்கவில்லை. பெண் வீட்டில் போட்டோ கேட்டோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போட்டோ பிடிக்கிற வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. யூசுப் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அம்மா என் பக்கம் திரும்பினார்கள். "நீதான் குப்பை கூளமெல்லாம் பொறுக்கிப் புத்தகம் தைக்கிறவளாச்சே. போயி, பார்த்து, வரைஞ்சு, ஒரு புத்தகமாக் கொண்டாந்து அவன் கையில குடு. பார்த்துட்டு அவன் சொல்லட்டும்."

புத்தகம் தைப்பது என் கிறுக்கு. தாளை வெட்டி அடுக்கி, படம் வரைந்து, பக்கத்தில் நாலு வரி எழுதி, பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், காய்ந்த இலை எது கிடைத்தாலும் ஒட்டி, பாய்மரத் துணி தைக்கிற நூலால் நானே தைப்பேன். அட்டைக்குப் பழைய கைலி. அதுவரை பதினோரு புத்தகம் முடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் அவற்றைக் குப்பைத்தொட்டி என்பார். ஆனால் விருந்தாளி வந்தால் முதலில் எடுத்துக் காட்டுகிறவரும் அவர்தான்.

கிளம்பும்போது யூசுப் ஒரு நிபந்தனை போட்டான். "அக்கா, அழகு கிழகு பற்றி எனக்குக் கவலை இல்லை. எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். தெரியாட்டி வேணாம். அதை மறைக்காம எழுதிக் கொண்டா." இங்கிலீஷ் படித்த திமிர். ஆனாலும் கேட்டது தப்பில்லை என்று எனக்குப் பட்டது. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

திண்டுக்கல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அந்த மலை எதிரே நின்றது. மரமில்லை, புல்லில்லை, ஒரே கல். சாய்ந்துகொள்ளும் திண்டு போல இருப்பதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்றார் குதிரை வண்டிக்காரர். பினாங்கு மலைக்கு ரயிலில் ஏறுகிறோம், மேலே போனால் குளிரும். இந்த மலையைப் பார்த்தாலே வேர்க்கிறது. வண்டியில் உட்கார்ந்தபடியே பென்சிலை எடுத்தேன்.

பாதி மலை வரைவதற்குள் குதிரை நின்றுவிட்டது. ஒரு பிரியாணிக் கடை வாசல். வண்டிக்காரர் சாட்டையைக் காட்டினார், நாக்கால் சப்புக்கொட்டினார், ம்ஹும். "அது இங்கன நிக்காமப் போகாதுங்க. செத்த நேரம் நிக்கட்டும்" என்று அவரே இறங்கிப் பீடி பற்ற வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "குதிரைக்கு அறிவு இருக்கு" என்று இறங்கிவிட்டார்.

எங்கள் ஊரில் நம்மவர்கள் சோற்றின் தலையில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றித் தருவார்கள், நாசி கண்டார் என்று பெயர். ருசியெல்லாம் மேலே நிற்கும். இங்கே குழம்பே காணோம், ருசி ஒவ்வொரு சோற்றுப் பருக்கைக்குள்ளும் இருக்கிறது. சீரகம் அளவுக்குச் சின்ன அரிசி. ஒரு பருக்கையைத் தாளில் வைத்து அதன் அளவை வரைந்துகொண்டேன். பக்கத்தில் கறித்துண்டு எத்தனை என்று எழுதினேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "முனிசிபாலிட்டியா தாயி?" இல்லை என்று சொல்வதற்குள் இரண்டு துண்டு கறியும் ஒரு முட்டையும் இலையில் விழுந்தன. என் வீட்டுக்காரர் என்னைத் தினமும் அந்தக் கடையில் எழுதச் சொன்னார்.

மறுநாள் பேகம்பூருக்குப் போனோம். பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் பெண் வீடு. பெண்ணின் அத்தா தோல் வியாபாரமாக வாணியம்பாடி போயிருந்தார். அம்மா அமீனா மாமிதான் வரவேற்றார். என் வீட்டுக்காரரை முன்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே அழைத்துப் போனார். பெண்ணின் பெயர் சபுரா. தலைநிறைய முக்காடு, குனிந்த தலை. சரிதான், வாயில் கொழுக்கட்டை வைத்த பெண் என்று நினைத்தேன். என் பையிலிருந்து கப்பலில் வரைந்த தாள்கள் வெளியே வந்ததுதான் தாமதம், தலை நிமிர்ந்தது.

"கப்பலுக்குள்ள அடுப்பு எரிப்பாகளாக்கா? தீப்புடிக்காது? இந்தாளு ஏன் வாளியில மூஞ்சிய வச்சுருக்காரு? ஓ, வாந்தியா! இதையுமா வரைவீக?"

"அது என் வீட்டுக்காரர்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு முன்கூடம் வரை கேட்டிருக்கும். அந்த நிமிடமே என் மனசு முடிவு பண்ணிவிட்டது. இவள்தான்.

பிறகுதான் மாமியிடம் கேட்டேன். தம்பி கேட்டதை ஒளிக்காமல் சொன்னேன். "எழுதப் படிக்கத் தெரியுமா மாமி?"

மாமி பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். "அதெல்லாந் தெரியாதும்மா. இஸ்கூலுக்கே அனுப்பல. ஓதத் தெரியும். நல்லா ஓதுவா."

குர்ஆன் ஓதத்தான் எனக்கும் தெரியும், என் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். அதை வைத்து யூசுப்பிடம் என்ன சொல்ல முடியும்? "அப்ப இது அமையாதா?" என்று மாமி மெல்லக் கேட்டார். கதவுத் திரை அசைந்தது. சபுரா கேட்டுக்கொண்டு நின்றாள். "புத்தகத்தைப் பார்த்துட்டு அவன் சொல்லட்டும் மாமி" என்று சமாளித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல பெண்ணைக் கண்ணால் கண்டுவிட்டுக் கை நழுவ விடுவதா? பொய் எழுதலாம். ஆனால் என் பதினோரு புத்தகத்திலும் நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை.

அழகான புத்தகமாகத் தைத்துவிட்டால் தம்பி மனசு இளகும் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாம் நாள் நல்ல தாள் தேடிக் காந்திகிராமத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே கையால் செய்த காகிதம் கிடைத்தது. தடித்த தாள், ஓரமெல்லாம் பிசிறு, தடவினால் துணி மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது பஸ் மக்கர் பண்ணிவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். கண்டக்டர் மட்டும் உள்ளே உட்கார்ந்து, "ம், ஏலேலோ" என்று பாட்டுப் பாடினார். என் பக்கத்தில் மல்லிகைக் கூடையோடு ஒரு அம்மா. "ஏத்தா, செத்த நகந்துக்க, பூ வெந்து போகும்" என்று கூடையை என் மடிப்பக்கம் தள்ளி, ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் தெளித்தார். கூடைக்குள் போன தண்ணீர் என் தாள் கட்டுக்குள் இறங்கியது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நாலு வார்த்தை விட்டேன். அந்த அம்மா அசரவில்லை. "காகிதம் காஞ்சுரும். பூ காஞ்சா எம்பொழப்பு காஞ்சுரும்" என்று சொல்லி, என் கோபத்துக்கு ஈடாக ஒரு முழம் பூவை என் கையில் வைத்தார். பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். தாள் காய்ந்த பிறகு லேசாக நெளிந்திருந்தது. மல்லிகை வாசம் போகவில்லை. அந்த நெளிவின் மேல்தான் மலையை வரைந்தேன்.

அடுத்த மூன்று நாளும் மாமி வீட்டிலேயே கிடந்தேன். மாமி ஒன்றுதான் சொன்னார். "என்ன வேணா எழுதுங்க. முகத்த மட்டும் எழுதாதீக." சரி என்று சுற்றியிருந்ததெல்லாம் வரைந்தேன். வாசல் கதவில் தொங்கிய மாங்காய்ப் பூட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன், பூட்டு அப்படியே தாளில் வந்தது. சிறுமலை வாழைப்பழத் தோலைக் காய வைத்து ஒட்டினேன். சபுராவின் செருப்பு, அவள் ஊசிப் பெட்டி, முறுக்குப் பிழியும் அவள் கை.

சபுரா பக்கத்தை விட்டு அசையவில்லை. என் வண்ணப்பெட்டியில் சிவப்புத் தீர்ந்துவிட்டது. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் அடுப்படிக்குப் போய் மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் குழைத்துக் கொண்டுவந்தாள், சிவப்போ சிவப்பு. "பணம் குடுத்தா வாங்குறீக இதெ?" என்று கேட்டாள். இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரித்தால் முழு மலையும் உச்சிக் கோட்டையும் வருகிற மாதிரி நான் வரைந்ததைப் பார்த்து, "கோட்டச் செவரு இம்புட்டுக் கோணலாவா இருக்கு?" என்றாள். திருத்தினேன். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்தவளிடம் என்ன வாதாடுவது! கடைசியில் இருபது தாளை வெறுமையாக விட்டேன், கப்பலில் திரும்பும்போது வரைவதற்காக.

தைக்கிற நூலும் ஊசியும் கையில் இருந்தன. ஆனால் தோல் அட்டை போட எனக்குத் தெரியாது. தோல் பதனிடுகிற ஊருக்கு வந்துவிட்டு அட்டைக்குக் கைலியா? மாமியின் தம்பி கனி மாமு பள்ளிவாசல் பக்கத்தில் பைண்டிங் கடை வைத்திருந்தார். நல்ல ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, "மாப்பிள்ளை வீட்டுப் புஸ்தகம், பேரு சொல்ற மாதிரி பண்ணிப்புடுறேன்" என்றார். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்தார். அவர் கையின் நிதானத்தைப் பார்த்து நம்பிக்கையோடு தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் புத்தகம் வந்தது. மாமுவே மாமி வீட்டுக்குக் கொண்டு வந்தார். வழுவழுவென்று தேன் நிறத் தோல். ஆசையாய் வாங்கித் திறந்தேன். வெள்ளைத் தாள். அடுத்ததும் வெள்ளை. புரட்டினேன், புரட்டினேன், எல்லாம் வெள்ளை.

"மாமு! என் படமெல்லாம் எங்கே?"

"உள்ளதாம்மா இருக்கு. நீங்க பொறத்தால இருந்து தொறக்குறீக. இந்தா, இப்புடி."

அவர் புத்தகத்தைத் திருப்பி வலப்பக்கமாகத் திறந்து காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஆயுசில் தைத்ததெல்லாம் குர்ஆனும் மார்க்கக் கித்தாபும். அரபு வலமிருந்து இடம் போகும், அந்தப் புத்தகங்களுக்கு முதுகு வலது கைப்பக்கம். கனி மாமு என் தமிழ்ப் புத்தகத்தையும் அப்படியே தைத்துவிட்டார்! நான் தையலுக்காக ஒரு ஓரத்தில் இடம் விட்டிருந்தேன். அது சும்மா கிடந்தது. எழுத்து நிறைந்த ஓரத்தில் தையல் விழுந்து வார்த்தைகளைத் தின்றுவிட்டது. பிரியாணி 'பிரியா'வாக நின்றது. இரண்டு தாளில் விரிந்த மலை இரண்டாகப் பிளந்து, வடக்குப் பாதி தெற்கேயும் தெற்குப் பாதி வடக்கேயும் போய், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு உண்டாகியிருந்தது.

என்ன பேசினேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஏழு நாள் உழைப்பு, தம்பி கல்யாணம், எல்லாம் போச்சு என்று கத்தினேன். பாவம், மாமுவுக்கு வியர்த்துவிட்டது. "யா அல்லா, கை தானாப் போயிருச்சும்மா. பிரிச்சுத் தச்சுத் தாரேன்" என்றார். பசை பிடித்த தோலைப் பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும், மறுநாள் ரயில். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரைக்குப் பின்னால் களுக்கென்று சிரிப்பு. சபுரா வெளியே வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். வலது பக்கம் சரளமாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். பிளந்த மலையைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு. நடுவால ரோடு போடலாம்" என்றாள். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை. மாமுவும் சிரித்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, கோவம் இருக்குற எடத்துலதான் கொணம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். ரயிலுக்குப் போகும்போது தருகிறேன் என்று சபுரா புத்தகத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு மாமு வந்து துணியில் சுற்றிய புத்தகத்தைக் கொடுத்தார். கூடவே ஒரு தூக்கு நிறையச் சோறும், வெஞ்சனத்துக்குக் கோழி வறுவலும். வண்டி கிளம்பியதும் என் வீட்டுக்காரர் தூக்கைத் திறந்தார், நான் புத்தகத்தைத் திறந்தேன். யூசுப்பிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், அவன் வேண்டாம் என்பான். அந்தப் பெண்ணின் சிரிப்பை எந்தத் தாளில் ஒட்டிக் காட்டுவேன்?

என் கடைசிப் படத்துக்கு அடுத்த வெள்ளைத் தாள் வெள்ளையாக இல்லை. நெருக்கமாக, அழகாக, கறுப்பு மையில் அரபு எழுத்து. ஒன்றரைப் பக்கம். வழிப்பயணத்துக்குப் பிரார்த்தனையாக ஒரு துஆ எழுதித் தந்திருக்கிறாள் என்று நெகிழ்ந்து, முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக ஓதத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் கோழியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்து இரு கைகளையும் ஏந்தினார்.

"அ... க்... கா... பூ... ச... ணிக்... கா..."

"ஆமீன்" என்றார்.

"செத்த இருங்க!" என்று அதட்டினேன். மறுபடி ஓதினேன். என் வாயிலிருந்து வந்தது அரபு இல்லை. தமிழ்! பச்சைப் பேகம்பூர்த் தமிழ்! தொழுகைக்கு மட்டும் நான் வைத்திருந்த எழுத்துக்குள்ளிருந்து சபுரா பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா பூசணிக்கா மாதிரி எழுதிருக்கது எங்க மலை. அம்மா குடுத்த தால்ச்சாவ அக்கா பூனைக்கு வச்சத நான் பாத்தேன், அம்மாட்டச் சொல்லல. முகத்த எழுதக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாக, அதுனால நானே சொல்றேன். நான் மாநெறம். எடது புருவத்துல ஒரு தழும்பு, கோழி கொத்துனது. சிரிச்சா நல்லாத்தான் இருக்கும், அக்காட்டக் கேட்டுக்கங்க. மாப்பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? இந்த எழுத்து வாசிக்கத் தெரியலைன்னா எனக்கு வேணாம்."

அரபுத் தமிழ் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. மலாய்க்காரர்கள் தங்கள் மொழியை அப்படி எழுதுவதைத் தினம் கடைப் பலகைகளில் பார்க்கிறவள் நான். என் மரமண்டைக்கு எட்டவில்லையே! 'ஓதத் தெரியும்' என்று மாமி சொன்னதற்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. மாமிக்கு அது ஓதுவதுதான். பள்ளிக்கூடத்தில் கற்றால்தான் படிப்பு. நான் கேட்ட கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொன்னார், நான்தான் தப்பாகக் கேட்டுக்கொண்டேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். "எந்த துஆவுக்கும்மா இப்படிச் சிரிப்பு?" என்று எதிரே இருந்த பெரியவர் கேட்டார். என் வீட்டுக்காரர் கோழிக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு, "கபூலான துஆ, கேட்டது கிடைச்சுருச்சு" என்றார்.

பினாங்கில் யூசுப் புத்தகத்தை இடது பக்கம் திறந்து, வெள்ளைத் தாளைப் பார்த்து, என்னைப் பார்த்தான். வாங்கி வலது பக்கம் திறக்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தேன். வாளியையும் குதிரையையும் பார்த்துச் சிரித்தான். முறுக்குப் பிழியும் கையை வெகுநேரம் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் வந்தது.

"இது என்னக்கா?"

"பெண் எழுதினது. தமிழ்தான்."

"என்ன எழுதியிருக்கு?"

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தானே, வாசிச்சுக்க" என்று எழுந்து போய்விட்டேன்.

நானாகச் சொல்லவில்லை, அவனும் மறுபடி கேட்கவில்லை. ஓதுகிற பள்ளிக்கு மட்டம் போட்டே வளர்ந்தவன். ஆபீஸ் விட்டு வந்து அம்மாவிடம் ஒரு எழுத்து, மூலைக்கடை மலாய்க்காரரிடம் ஒரு எழுத்து என்று ஆறு வாரம் அலைந்தான். கோழி கொத்திய தழும்புக்கு வந்த அன்று வீடே அதிர ஒரு சிரிப்புக் கேட்டது. கடைசி வரிக்கு வந்த அன்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். வெளியே வரும்போது விரலெல்லாம் மை.

கனி மாமுவின் கடை விலாசத்துக்குப் போக வேண்டிய அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டினான். வலமிருந்து இடமாக, கோழி கிளறிய மாதிரி, இரண்டே வார்த்தை, அதில் மூன்று பிழை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இப்போ தெரியும்."